ரேடியோ வானியல்: முத்தோரைக் கம்பிகள் முதல் கருந்துளைப் படம் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, கல்லூரி மாணவர்களும் வானியல் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும், சிலவற்றை நின்று நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

ரேடியோ தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க முடியுமா? இல்லை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறார்களா?

இரண்டும் கிடையாது. ஹெட்போன் மாட்டிய விஞ்ஞானி சினிமாவில்தான் உண்டு. ரேடியோ அலையும் ஒளியைப் போல ஒரு மின்காந்த அலைதான், ஒலி அல்ல. டிஷ் அந்த அலையை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அங்கே இருக்கும் ஆன்டெனாவில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. அதைப் பெருக்கி, எண்களாக மாற்றி, கணினியில் சேமிக்கிறார்கள். இரவு பகல் பேதமில்லை, மேகமும் பெரிய தடை இல்லை. பல்சரின் (விண்மீன் வெடித்து மிஞ்சிய, சுழன்றபடி சீராகத் துடிக்கும் அடர்ந்த நியூட்ரான் விண்மீன்) 'டக் டக்' சத்தம் என்று யூடியூபில் கேட்பதெல்லாம் அந்த எண்களைப் பிறகு ஒலியாக மாற்றியது.

வானத்தில் யார் ரேடியோ ஒலிபரப்பு செய்கிறார்கள்?

யாரும் செய்யவில்லை, இயற்கைதான். முக்கியமாக மூன்று வழிகள். காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை ஒட்டிச் சுழலும்போது ரேடியோ அலை வெளிவரும். வெடித்த விண்மீன்களின் எச்சங்களும் கருந்துளைகள் பீய்ச்சும் தாரைகளும் இந்த வகை. சூடான வாயுவும் ரேடியோவில் ஒளிரும். மூன்றாவது, ஹைட்ரஜன் அணு தன் எலக்ட்ரானின் தற்சுழற்சித் திசையை மாற்றிக்கொள்ளும்போது வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலை, அதாவது 1420 மெகாஹெர்ட்ஸ். பிரபஞ்சத்தில் அதிகம் இருப்பதே ஹைட்ரஜன்தான் என்பதால், வானியலாளர்களுக்கு இந்த ஒரு எண் மனப்பாடம்.

இவை எவ்வளவு பலவீனமானவை என்று கேட்டால்: நிலாவில் ஒரு பழைய செல்போனை வைத்துப் பேசினால், பூமியிலிருந்து பார்க்கும்போது அது வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களின் வரிசையில் சேர்ந்துவிடும்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

கார்ல் ஜான்ஸ்கி என்ற பெல் ஆய்வக இன்ஜினியர். அட்லாண்டிக் கடலைத் தாண்டிய தொலைபேசி இணைப்பில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொன்னார்கள். நியூ ஜெர்சியில் ஒரு சுழலும் ஆன்டெனாவை வைத்துத் தேடினார். இடி மின்னல் போக மீதமிருந்த ஒரு சீறல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்தது. அது விண்மீன்களின் நாள் கணக்கு, சூரியனுடையது அல்ல. பால்வீதியின் மையத்திலிருந்து வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். தொழில்முறை வானியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1937-இல் குரோட் ரீபர் என்பவர் தன் வீட்டுக் கொல்லையில் சொந்தச் செலவில் ஒரு டிஷ் கட்டித்தான் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

டிஷ் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

அலைநீளம் அதிகமாக ஆக, படம் மங்கலாகும். அந்த மங்கலைக் குறைக்க ஒரே வழி அகலத்தைக் கூட்டுவது. ஒரு மீட்டர் அலைநீளத்தில் நம் வெறும் கண்ணின் கூர்மையை எட்டவே மூன்று, நான்கு கிலோமீட்டர் அகல டிஷ் வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் கட்ட முடியாது. அதனால் பல சிறிய டிஷ்களைத் தள்ளித் தள்ளி வைத்து, எல்லாவற்றின் சிக்னலையும் நேரம் பிசகாமல் சேர்த்து, ஒரே பெரிய டிஷ் போல நடந்துகொள்ள வைக்கிறார்கள். எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு கூர்மை. டிஷ்களின் மொத்தப் பரப்பு எவ்வளவோ, அவ்வளவு மங்கலான மூலத்தையும் பார்க்கலாம். கூர்மை வேறு, உணர்திறன் வேறு. செய்தித்தாள்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

ஊட்டியில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி ஏன் டிஷ் மாதிரி இல்லை?

முத்தோரையில் மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் அந்த அமைப்பின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பரவளைய இரும்புச் சட்டங்கள். அவற்றின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய சுமார் 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். பிரதிபலிக்கும் பரப்பு அவ்வளவுதான். அது வேலை செய்யும் 326.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர் என்பதால், கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அலையின் கண்ணுக்கே தெரியாது. காற்று மட்டும் புகுந்து போய்விடும்.

இதன் உண்மையான சாமர்த்தியம் இடத்தேர்வில் இருக்கிறது. ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரியும் கொஞ்சமும். வடக்கு தெற்காக அதே அளவு சாயும் ஒரு சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி ஒரு பக்கம் சுழல, இதை மறுபக்கமாக மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் வரை விடாமல் தொடரலாம். ஒரே ஒரு அச்சில் சுழற்றினால் போதும். இரண்டு அச்சில் திரும்பும் ராட்சத டிஷ்ஷுக்கு ஆகும் செலவை ஒரு மலை மிச்சப்படுத்திக் கொடுத்தது.

இதை வடிவமைத்துக் கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். ஸ்டான்ஃபோர்டில் இருந்தவர், ஹோமி பாபா அழைத்ததன்பேரில் 1963-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட ஊட்டித் தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது. முதல் வேலை, நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடியைக் குறிப்பது. நிலாவின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால், சிக்னல் மறையும் விதத்தை வைத்து மூலத்தின் இடத்தையும் அளவையும் கணிக்கலாம். இப்படித் திரட்டிய அளவுகளை வைத்து ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975-இல் காட்டியது, பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்பது. என்றும் மாறாத பிரபஞ்சம் என்ற கொள்கைக்கு எதிராக நீலகிரியிலிருந்து போன சாட்சி அது. சூரியக் காற்றை ஆராயவும் இந்தத் தொலைநோக்கி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

கொடைக்கானல், காவலூரில் இருப்பதும் இதே வகையா?

அவை வேறு. கொடைக்கானலில் 1899 முதல் நடப்பது சூரிய ஆய்வு, அதன் புகழெல்லாம் ஒளியில் எடுத்த சூரியப் படங்களால் வந்தது. காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட ஒளித் தொலைநோக்கி.

புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி எதற்கு?

ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஜிஎம்ஆர்டி. ஊட்டியில் கிடைக்காத கூர்மைக்கு அது. நாராயண்காவ் பக்கத்தில் கோடாட் கிராமத்தைச் சுற்றி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். 14 டிஷ்கள் நடுவே நெருக்கமாக, மற்றவை மூன்று கரங்களாக விரிந்து, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வரை. இங்கும் ஸ்வரூப்பின் கம்பி வித்தைதான்: தகடு இல்லாமல், கயிறுபோல் இழுத்த கம்பிகளில் பொருத்திய வலை. எடையும் காற்றின் அழுத்தமும் செலவும் குறைந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ரிசீவர்களும் மின்னணுப் பகுதியும் மேம்படுத்தப்பட்டு, இன்று அதே டிஷ்கள் முன்பைவிடப் பல மடங்கு அகலமான அலைவரிசையைப் பதிவு செய்கின்றன.

2023 ஜனவரியில் பேசப்பட்ட ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். அர்னாப் சக்ரவர்த்தியும் நிருபம் ராயும் மிகத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் ஹைட்ரஜன் சிக்னலை இதில் பிடித்தார்கள். புறப்பட்டது 880 கோடி ஆண்டுகளுக்கு முன். 21 சென்டிமீட்டராகக் கிளம்பிய அலை, பிரபஞ்சம் விரிந்ததால் 48 சென்டிமீட்டராக நீண்டு வந்து சேர்ந்தது. அவ்வளவு தூரத்து ஹைட்ரஜன் சாதாரணமாகச் சிக்காது. வழியில் இருந்த இன்னொரு விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பு, லென்ஸ் போல அதைச் சுமார் 30 மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தது. 'விண்வெளியிலிருந்து மர்ம சிக்னல்' என்று சில சேனல்கள் தலைப்பிட்டன. இதில் மர்மம் ஏதும் இல்லை, அணு ஒன்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே நடந்துகொண்டது.

எஃப்ஆர்பி என்கிறார்களே, அது என்ன?

விரைவு ரேடியோ வெடிப்பு. ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும் பளீர். அதற்குள் வெளிவரும் ஆற்றலோ, சூரியன் பல நாட்கள் உமிழ்வதற்குச் சமமாக இருக்கலாம்.

முதல் வெடிப்பு 2001-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவானது. யாரும் பார்க்கவில்லை. டங்கன் லோரிமரின் குழு பழைய பதிவுகளைப் புரட்டியபோது 2007-இல்தான் வெளியே வந்தது, அதையும் கண்ணில் கண்டது ஒரு மாணவர். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? வழியில் உள்ள எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலையை அதிகம் தாமதப்படுத்தும். அந்தத் தாமதம் நம் பால்வீதியில் உள்ள எலக்ட்ரான்களால் விளக்க முடியாத அளவு பெரிதாக இருந்தது. ஆகவே வெளியிலிருந்து.

எல்லோரும் நம்பிவிடவில்லை. அதே பார்க்ஸில் எஃப்ஆர்பி போலவே தோற்றமளிக்கும் வேறு சில சிக்னல்களும் 1998 முதல் வந்துகொண்டிருந்தன. அவை பூமியில் கிளம்புபவை என்று மட்டும் தெரிந்தது. 2015-இல் எமிலி பெட்ராஃப் குழு ஆளைப் பிடித்தது: ஆய்வக வளாகத்தின் மைக்ரோவேவ் அடுப்பு. வேலை முடியும் முன்பே பொறுமையிழந்து கதவைத் திறந்தால், அந்தக் கணத்தில் ஒரு சிக்னல் தப்பித்து வெளியேறும். இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அடுப்பைக் கழித்த பிறகும் லோரிமரின் வெடிப்பு நின்றது என்பதுதான் விஷயம்.

அடுத்து வேகமாக நடந்தது. ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வெடிக்கும் எஃப்ஆர்பி 121102 பற்றி 2016-இல் தெரியவந்தது. அப்படியானால் வெடிக்கும் பொருள் ஒரேயடியாக அழிந்துவிடவில்லை. மறு ஆண்டே அது சுமார் 300 கோடி ஒளியாண்டு தூரத்துக் குட்டி விண்மீன் மண்டலம் ஒன்றில் இருப்பது உறுதியானது. கனடாவின் சைம் தொலைநோக்கி ஒரே ஆண்டில் 500-க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தது. டிஷ் இல்லாமல் நீள உருளை வடிவில் இருக்கும் அதைப் பார்க்கும் எவருக்கும் ஊட்டி நினைவுக்கு வரும், வித்தியாசம் என்னவென்றால் சைம் அசையவே அசையாது. 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வீதிக்குள்ளேயே ஒரு மேக்னடார், அதாவது அதீதக் காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், அதே மாதிரி வெடித்தது. சில எஃப்ஆர்பிகளுக்காவது மேக்னடார்தான் காரணம் என்பது அன்றோடு வலுத்தது. எல்லாவற்றுக்குமா? அது இன்னும் முடியாத வழக்கு.

இதற்கு ஒரு பயனும் உண்டு. வெடிப்பு வரும் வழியில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று தாமதமே கணக்குச் சொல்வதால், கணக்கில் இருந்தும் கண்ணில் படாமல் இருந்த சாதாரணப் பருப்பொருள் விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே பரவிக் கிடப்பதை 2020-இல் ஜான்-பியர் மக்கார்ட் குழு இதைக்கொண்டு காட்டியது. என் பார்வையில், வெடிப்புகளின் காரணத்தைவிடவும் இது பெரிய பரிசு.

கருந்துளைப் படம் உண்மையான போட்டோவா, கம்ப்யூட்டர் வரைந்ததா?

அளவீட்டிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற படம். 2017 ஏப்ரலில் ஹவாய் முதல் தென் துருவம் வரை எட்டுத் தொலைநோக்கிகள் 1.3 மில்லிமீட்டர் அலையில் இணைந்து இயங்கின. தென் துருவத்திலிருந்து எம்87 விண்மீன் மண்டலம் தெரியாது என்பதால், அதன் மையத்தை ஒரே நேரத்தில் பார்த்தவை மற்ற ஏழும். பூமி அளவுக்கு ஒரு டிஷ் வைத்த கூர்மை. இணையத்தில் அனுப்ப முடியாத அளவு தரவு என்பதால் ஹார்டு டிஸ்குகளை விமானத்தில் ஏற்றினார்கள். தென் துருவத்து டிஸ்குகளுக்காகக் குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தார்கள். படம் வெளிவந்தது 2019 ஏப்ரல் 10. அந்தக் கருந்துளையின் நிறை 650 கோடி சூரியன்கள். நம் பால்வீதியின் மையத்துக் கருந்துளைப் படம் 2022 மே மாதம் வந்தது. ஆரஞ்சு நிறம் நாம் பூசியது. வளையம் மட்டும் நிஜம், வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டும் அதே வளையம்தான் வந்தது.

2023-இல் 'பிரபஞ்சத்தின் முணுமுணுப்பு' என்று செய்தி வந்ததே?

பல்சர்கள் சீராகத் துடிக்கும் கடிகாரங்கள். மிக நீண்ட ஈர்ப்பு அலைகள் பூமியைக் கடக்கும்போது, வெவ்வேறு பல்சர்களின் துடிப்பு வரும் நேரம் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் முன்பின்னாகும். அந்த ஒழுங்கின் தடயத்தை 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் ஒருசேர அறிவித்தன. ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து தரவு தந்தது, ஜிஎம்ஆர்டியைப் பயன்படுத்தும் இந்தியக் குழு. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தினரும் அதில் உண்டு. குறைந்த அதிர்வெண்ணில் பார்ப்பதால், எலக்ட்ரான்கள் உண்டாக்கும் தாமதத்தைத் துல்லியமாக அளந்து கழிக்க ஜிஎம்ஆர்டி உதவுகிறது. ராட்சதக் கருந்துளைகள் ஜோடி ஜோடியாகச் சுற்றுவதே காரணமாக இருக்கலாம். 'கண்டுபிடிப்பு' என்று சொல்லத் தேவையான புள்ளியியல் உறுதியை அந்த அறிவிப்புகள் எட்டவில்லை, 'சான்று' என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

20 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் விண்மீன் இருக்க முடியுமா?

இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தார்கள். மெதுவாகச் சுழலும் நியூட்ரான் விண்மீனுக்கு ரேடியோவில் ஒளிரும் தெம்பு இருக்காது. ஆனால் 2022-இல் நடாஷா ஹர்லி-வாக்கர் குழு 18 நிமிடத் துடிப்பு ஒன்றை அறிவித்தது, அதுவும் 2018-இல் எடுத்த பதிவில். அடுத்த ஆண்டு 22 நிமிடத்தில் இன்னொன்று. பழைய பதிவுகளைத் தோண்டினால், அது 1988 முதலே துடித்துக்கொண்டிருக்கிறது. ஜிஎம்ஆர்டியின் பழைய தரவிலும் இருந்தது. முப்பதாண்டுக்கு மேலாக எல்லோர் கையிலும் இருந்த சிக்னல், 'அப்படி ஒன்று இருக்காது' என்ற நம்பிக்கையால் தேடப்படாமல் கிடந்தது.

2025-இல் இரண்டு துப்புகள். ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி கண்ட இரண்டு மணி நேரத் துடிப்பு, ஒரு வெண்குறுமீனும் (எரிந்து முடிந்த விண்மீனின் கரு) செங்குறுமீனும் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) ஒன்றையொன்று சுற்றும் ஜோடியிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கி கண்ட 44 நிமிடத் துடிப்போ எக்ஸ் கதிரையும் சேர்த்து வீசுகிறது. ஆக, 'நீண்ட இடைவெளித் துடிப்பு' என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு மூன்று வகைப் பொருள்கள் ஒளிந்திருக்கக்கூடும்.

வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னல் ஏதாவது?

இதுவரை இல்லை. 1977-இல் ஓஹையோவில் 72 நொடி பதிவான 'வாவ்' சிக்னல் மறுபடி வரவே இல்லை. 2019-இல் பிராக்சிமா சென்டாரி திசையில் 982 மெகாஹெர்ட்ஸில் வந்த ஒன்று பெரும் பரபரப்பைக் கிளப்பியது. அது மனிதக் கருவிகளின் குறுக்கீடு என்று 2021-இல் அந்தக் குழுவே விளக்கிவிட்டது.

செல்போனும் சாட்டிலைட்டும் அவ்வளவு தொல்லையா?

ஆமாம். அமெரிக்காவில் கிரீன் பேங்க் தொலைநோக்கியைச் சுற்றி சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் 'ரேடியோ அமைதி' வட்டாரமாக 1958 முதல் இருக்கிறது. தரையில் சட்டம் போடலாம். வானத்தில் என்ன செய்வது? ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகளின் மின்னணுப் பாகங்களிலிருந்து தற்செயலாகக் கசியும் அலைகளே பெரும் இரைச்சல் என்று லோஃபார் அளவீடுகள் காட்டின. புதிய தலைமுறையில் கசிவு 32 மடங்கு வரை கூடியிருப்பதாக 2024-இல் எழுதினார்கள். கசிவைத் தடுக்கும் விதிகள் தரைக் கருவிகளுக்கு உண்டு, சாட்டிலைட்டுகளுக்கு அப்படி இல்லை. இது நியாயமில்லை.

உலகிலேயே பெரியது எது?

ஒற்றை டிஷ் என்றால் சீனாவின் ஃபாஸ்ட், 500 மீட்டர். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த 305 மீட்டர் அரெசிபோ, கம்பிவடங்கள் அறுந்து 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது.

வீட்டில் இருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். மார்ச், அக்டோபர் வாக்கில் சில நாட்கள், பகலில் சில நிமிடம் டிடிஎச் படம் உடைவதைப் பார்த்திருப்பீர்கள். சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து, அதன் ரேடியோ இரைச்சல் டிஷ்ஷுக்குள் புகுவதுதான் காரணம். நீங்கள் அறியாமலே செய்த ரேடியோ வானியல் அது. பழைய டிடிஎச் டிஷ்ஷையும் சிக்னல் பார்க்கும் சிறு மீட்டரையும் வைத்துச் சூரியனைப் பிடிக்கலாம். இன்னும் ஆர்வம் இருந்தால், அலுமினியத் தாளும் அட்டையும் கொண்டு கூம்பு ஆன்டெனா செய்து, குறைந்த இரைச்சல் பெருக்கியும் கணினியில் செருகும் யூஎஸ்பி எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ரிசீவரும் சேர்த்தால் பால்வீதியின் ஹைட்ரஜன் அலையே கிடைக்கும். மொட்டை மாடி போதும். வன்பொருள் வேண்டாம், தரவு போதும் என்பவர்களுக்கு ராட்@ஹோம் என்ற இந்தியக் குழு ஜிஎம்ஆர்டி படங்களில் விசித்திரங்களைத் தேடப் பயிற்சி தருகிறது.

எஸ்கேஏ எப்போது வரும்? இந்தியாவுக்கு என்ன பங்கு?

எஸ்கேஏ என்பது இரு நாடுகளில் எழும் ராட்சத ரேடியோ தொலைநோக்கி வரிசை, 'ஸ்கொயர் கிலோமீட்டர் அரே' என்பதன் சுருக்கம். கட்டுமானம் 2022 டிசம்பரில் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் கரூவில் 197 டிஷ்கள், அங்கே ஏற்கெனவே இயங்கும் மீர்காட்டின் 64-ம் இதில் அடக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆள் உயரத்துக்கு நிற்கும் 1,31,072 கம்பி ஆன்டெனாக்கள். அவற்றில் 1,024-ஐ மட்டும் வைத்து எடுத்த முதல் படம் 2025 மார்ச்சில் வந்தது. இந்தியா 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அத்தனை ஆன்டெனாக்களையும் கண்காணித்து இயக்கும் மென்பொருளில் முக்கியப் பொறுப்பு, ஊட்டியையும் ஜிஎம்ஆர்டியையும் நடத்தும் புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்திடம் இருக்கிறது.